அழிப்பதைக் கடைசியில் வை: வொர்க்ஃப்ளோவைப் பொறுப்பேற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஊழியர்களின் லாகின் அக்கவுண்டுகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், ஆள் சேரும்போதும் விலகும்போதும் தானாக ஓடும் ஸ்டெப் வரிசைகள், அதாவது வொர்க்ஃப்ளோ எல்லாம் திங்கட்கிழமையிலிருந்து உன் கைக்கு வருகிறது. நேற்று ஒப்படைக்கும்போது, "ஆள் வேலையை விட்டதும் அக்கவுண்டை அழித்துவிட வேண்டியதுதானே அண்ணா, எதற்கு இத்தனை ஸ்டெப்?" என்று கேட்டாய். நேரமாகிவிட்டது, சரியாகப் பதில் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். 90 நாள் லாகின் இல்லையென்றால் அக்கவுண்ட் தானாக அழிந்துவிடும். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் பிரசவ விடுப்பில் போனார். சட்டம் கொடுக்கும் 26 வாரமும் முடிந்து வந்த அன்று காலையில் லாகின் ஆகவில்லை. நான் அதே பெயரில் புது அக்கவுண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப் காலி. மூத்த பையனின் படம் இருந்த இடத்தில் விண்டோஸின் நீலப் படம். அவரே நாலு வருடமாகச் சேர்த்து வைத்த ஃபோல்டரைத் திறந்தால் "அனுமதி இல்லை" என்கிறது. "என் பேருதானே தம்பி போட்டிருக்கு?" என்று கேட்டார். என்னால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை.

பெயர் அவருடையதுதான். ஆனால் விண்டோஸ் பெயரைப் பார்த்து அனுமதி கொடுப்பதில்லை, ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் தனியாக இருக்கும் எஸ்ஐடி எண்ணைப் பார்க்கிறது. அழித்துவிட்டு அதே பெயரில் திரும்ப உருவாக்கினால் புது எண் வரும். பழைய எண்ணுக்குக் கொடுத்த அனுமதி எதுவும் இதற்குச் செல்லாது. ஆக்டிவ் டைரக்டரியில் அழித்ததை எடுத்து வைக்கும் ரீசைக்கிள் பின் இருந்திருந்தால் பழைய அக்கவுண்டையே அதே எண்ணோடு மீட்டிருக்கலாம். அது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 முதல் உண்டு, ஆனால் நாமாக இயக்கினால்தான் வரும். அங்கே யாரும் இயக்கவில்லை. அழிந்ததை 180 நாள் வரை வைத்திருப்பது அதன் வழக்கம், அவரோ அக்கவுண்ட் அழிந்த மூன்றே மாதத்தில் வந்துவிட்டார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது நம் வொர்க்ஃப்ளோவின் வரிசையைப் பார். முதலில் ஆள் எந்தெந்த அனுமதிக் குரூப்பில் இருக்கிறார் என்ற பட்டியலை எழுதி வைக்கிறது. அப்புறம் டிசேபிள், அதாவது அழிக்காமல் முடக்குவது. பிறகுதான் குரூப்பிலிருந்து நீக்கம், ஓயூ மாற்றம், அதாவது அக்கவுண்டை டைரக்டரிக்குள் வேறு பிரிவுக்கு நகர்த்துவது. அழிப்பது கடைசியில், அதுவும் மேலாளர் ஒப்புதல் கொடுத்த பிறகு. பட்டியல் முதலில் வர ஒரு காரணம் உண்டு. ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டால் அழியும் நேரத்தில் இருந்த குரூப்புகள்தான் திரும்பும். அதற்கு முன்பே நம் வொர்க்ஃப்ளோ பிடுங்கிவிட்ட குரூப்புகளை அது எங்கிருந்து கொண்டுவரும்? அதனால் அந்த முதல் ஸ்டெப் தோற்றால் மொத்த ஓட்டமும் நிற்கும்படி வைத்திருக்கிறேன். "தோற்றாலும் தொடர்" என்று மாற்றிவிடாதே.

அக்கவுண்டின் நிலையை ஆக்டிவ் டைரக்டரி ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. டிசேபிள் செய்ய அதில் 514 என்ற எண்ணை நேரடியாக எழுதும் ஸ்கிரிப்ட் இணையத்தில் நிறையக் கிடைக்கும். சாதாரண அக்கவுண்ட் 512, அதோடு 2 சேர்ந்தால் 514, கணக்கு சரிதான். ஆனால் பாஸ்வேர்ட் காலாவதியாகாத அக்கவுண்ட் 66048-ல் இருக்கும். அதன்மேல் 514 எழுதினால் அந்தக் குறி போய்விடும், அக்கவுண்டைத் திரும்ப இயக்கும்போது அது வராது. இருக்கும் எண்ணை அப்படியே விட்டு, டிசேபிளைக் குறிக்கும் 2 என்ற பிட்டை மட்டும் ஏற்று. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் அக்கவுண்டை டிசேபிள் செய்யவென்றே இருக்கும் கட்டளை இதைச் சரியாகச் செய்கிறது. இன்னொன்று, டிசேபிள் ஆன நொடியில் ஆள் வெளியே போய்விட்டார் என்று நினைக்காதே. சர்வருக்குள் நுழைய ஏற்கெனவே வாங்கிய அனுமதிச் சீட்டு, அதாவது கெர்பராஸ் சர்வீஸ் டிக்கெட், இயல்பான அமைப்பில் 10 மணி நேரம் வரை செல்லும். பிரச்சினையோடு வெளியேறும் ஆள் என்றால் பாஸ்வேர்டையும் மாற்று, திறந்திருக்கும் செஷனையும் மூடு.

"லாகின் இல்லாத நாட்கள்" என்ற நிபந்தனையையும் முழுதாக நம்பாதே. ஆக்டிவ் டைரக்டரியின் நகலை வைத்திருக்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் பரவும் அந்தக் கடைசி லாகின் நேரம் 14 நாள் வரை பின்தங்கியிருக்கும், அதன் அமைப்பே அப்படி. 30 நாள் என்று வைத்தால், 17 நாளுக்கு முன் வந்துபோனவர்கூடச் சிக்கலாம். விடுப்பில் இருப்பவர்களின் பட்டியலை எச்ஆர் பிரிவிலிருந்து வாங்கி அதோடு ஒப்பிடும் ஸ்டெப்பை அந்த அக்காவுக்காகத்தான் சேர்த்தேன்.

வேலையில் புதிதாகச் சேர்பவர்களின் பக்கம் பெயர்தான் தலைவலி. நம் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டாம் பெயர் என்பதே இனிஷியல்தான். எச்ஆர் தாளில் ஒரே ஆளுக்கு இனிஷியல் ஒரு மாதம் முன்னால் இருக்கும், அடுத்த மாதம் பின்னால் இருக்கும். வெங்கடசுப்பிரமணியன் என்று ஆங்கிலத்தில் எழுதினால் 18 எழுத்து. புள்ளியும் இனிஷியலும் சேர்த்தால் 20. பழைய வகை லாகின் பெயருக்கு அதுதான் உச்சவரம்பு. அதே பெயரில் இன்னொருவர் சேர்ந்து கடைசியில் ஒரு 2 போட்டால் 21, வொர்க்ஃப்ளோ அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஆளை அடையாளம் காண ஊழியர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள். பெயரை வைத்துத் தேடும் நிபந்தனை எங்காவது மிச்சமிருந்தால் தயங்காமல் நீக்கிவிடு.

ஒரு ஸ்டெப் அக்கவுண்டை உருவாக்கி, அடுத்த ஸ்டெப் "அப்படி ஒருவர் இல்லை" என்றால் பதறாதே. இரண்டும் வேறு வேறு டொமைன் கன்ட்ரோலரிடம் பேசியிருக்கும், ஒன்றில் உருவானது மற்றதற்குப் போய்ச்சேரச் சற்று நேரமாகும். எல்லா ஸ்டெப்புக்கும் ஒரே சர்வரைக் குறிப்பிடு, போதும். ஓயூ மாற்றம் மட்டும் தோற்றால், அந்த அக்கவுண்டில் தவறி அழிக்காமல் காக்கும் டிக் போட்டிருக்கிறதா என்று பார். அது இடம் மாற்றுவதையும் தடுக்கும்.

திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு வெளியேறியவர்களுக்கான ஓட்டம் இருக்கிறது. அதற்கு முன், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் வாட்இஃப் போட்டு ஒருமுறை ஓட்டி, வரும் பட்டியலை எனக்கு அனுப்பு. ஒவ்வொரு பெயராகச் சேர்ந்தே பார்ப்போம். எத்தனை மணியானாலும் போன் எடுப்பேன்.

அன்புடன்,
அண்ணன்