கம்பி இருந்தது, கம்பெனி இல்லை

தேவகோட்டை,
ஐப்பசி, தீபாவளிக்கு மறுவாரம்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். தங்கள் இல்லத்திலும் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மூன்று வாரங்களாக என்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லையே என்று கவலைப்பட்டு நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் தெருவுக்கு ஆறு ஆண்டுகளாக இணையம் கொடுத்துவந்த உள்ளூர் நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் கடையைச் சாத்திவிட்டது. வேறு இணைப்பு கிடைக்க எனக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. உங்கள் பொள்ளாச்சித் தோப்பு வீட்டுக்கு, 'பத்து மாதப் பணம் கட்டினால் பன்னிரண்டு மாதம் ஓடும்' என்று அந்த ஊர்க் கேபிள்காரர் சொல்வதாகவும், கட்டிவிடலாமா என்றும் முன் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நல்லவேளையாக, உடனே 'கட்டுங்கள்' என்று பதில் எழுதாமல் இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று ஒரு வியாழக்கிழமை. 312 பக்க நூல் ஒன்றின் மெய்ப்பை மாலைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஒன்றும் திறக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைப் பார்த்தேன். 'பான்' என்று எழுதியிருக்கும் விளக்கு பச்சையாக, அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. 'எல்ஓஎஸ்' என்ற சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. குரங்கோ அணிலோ வயரைக் கடித்துவிட்டால் சிவப்பு விளக்கு சிமிட்டும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பழகிய பாடம். ஆனால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் விளக்கு எரியும்போது நெட் வராமல் இருப்பதற்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நம் வீட்டிலிருந்து அவர்கள் அறையில் இருக்கும் ஓஎல்டி என்னும் இயந்திரம் வரை கண்ணாடியிழை நன்றாக இருக்கிறது, அதற்கு அப்பால்தான் ஒன்றுமில்லை என்று பொருளாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பச்சையும் போய்ச் சிவப்பு எரிந்தது. இயந்திரத்தையே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது திங்கட்கிழமை தெரிந்தது.

அதற்குள் நான் செய்யாதது ஒன்றுமில்லை. அலுவலகத்து எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து நிர்வாகியே வெளியேறியிருந்தார். நேரில் போனால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. வாசலில் என்னைப் போல ஏழெட்டுப் பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரசீது. என் ரசீது ஆறு மாதத்துக்கானது. மாதம் 500 வீதம் 3,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 540, ஆக 3,540 ரூபாய். கட்டி இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வெயிலில் நின்றபடி அந்தத் தாளை முதன்முறையாக ஊன்றிப் படித்தேன். வரி வாங்கியிருக்கிறார்கள், ஆனால் ஜிஎஸ்டி எண் அச்சிடப்படவில்லை. பெயர்ப்பலகையில் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர். முப்பது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவன், என் பணத்துக்கான தாளை மட்டும் படிக்காமல் மடித்து வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சிரிக்கலாம்; சிரியுங்கள்.

சிறு நிறுவனங்கள் இப்படி ஒரே நாளில் விழுவதற்கான காரணத்தைப் பின்னர் லைன்மேன் சொல்லக் கேட்டேன். அவர்கள் தாமாக இணையம் உண்டாக்குவதில்லை. மேலே ஒரு பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி, நம்மிடம் சில்லறையாக விற்கிறார்கள். மேலிடத்துப் பாக்கி ஏறிக்கொண்டே போனால், ஒரு நாள் அங்கே அடைத்துவிடுவார்கள். அதற்கு முந்தைய வாரம்வரை நம்மிடம் ஆறு மாத, ஒரு வருடச் சலுகை என்று பணம் திரட்டுவது பெரும்பாலும் அந்தப் பாக்கியைச் சமாளிக்கத்தான். கொஞ்சம் முன்னதாகவே இதைக் கேட்டிருந்தால் எனக்கு 3,540 ரூபாய் மிச்சம். உங்கள் கேபிள்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாதா மாதம் கட்டினால் நட்டம் ஒரு மாதத்தோடு நிற்கும். அந்த இரண்டு மாத இலவசத்தை விட்டுவிடுங்கள்.

புகார் கொடுக்காமல் விடவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012 இல் வகுத்த முறைப்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் எண் வாங்க வேண்டும்; குறை தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். படித்தபோது செம்மையான ஏற்பாடாகத்தான் தோன்றியது. இரண்டு படிகளும் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருக்கின்றன, நிறுவனத்தின் கதவோ பூட்டியிருக்கிறது என்பதுதான் சிக்கல். எனவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 ஐ அழைத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பணம் வந்தால் எழுதுகிறேன்.

இடைப்பட்ட நாட்களைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். நாளுக்கு 2 ஜிபி. அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகச் சுருங்கிவிடும். நம் பழைய டயல்அப் மோடத்தின் உச்சமே 56 தானே, அதற்கு ஒரு நூல் மேல். மெய்ப்புக் கோப்பு 180 எம்பி. அந்த வேகத்தில் அனுப்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்குப் பேருந்து ஏறினேன். அப்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். 1995 ஆகஸ்டு 15 இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று என்பதை, ஏதோ உங்கள் சொந்த ஊர்த் திருவிழாவைப் போலப் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். 1998 நவம்பரில் தனியாருக்கு வழிவிடும்வரை, இது போனால் அடுத்தது எது என்ற கேள்வியே எழ இடமில்லை, இருந்தது ஒன்றுதான். இன்று அந்தக் கேள்வி எழுகிறது என்பது முன்னேற்றம்தான், பத்தொன்பது நாள் எரிச்சலோடு சேர்ந்த முன்னேற்றம்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் 'சஞ்சார் சாத்தி' தளத்தைக் காட்டினான். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கியது. திருடுபோன கைப்பேசியை முடக்கத்தான் அது என்று நினைத்திருந்தேன். அதில் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்தால், அந்தப் பகுதியில் கம்பிவழி இணையம் தரும் நிறுவனங்களின் பட்டியலும் வருகிறது. தெருமுனையில் பேனர் கட்டியிருப்பவர் உரிமம் உள்ளவரா, உரிமம் உள்ளவரின் முகவரா, இரண்டும் இல்லாதவரா என்று பார்க்க இது உதவும். உங்கள் கேபிள்காரரின் ரசீதில் உள்ள பெயரை முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

பட்டியலில் பெயர் இருப்பதும் நம் தெருவுக்குக் கம்பி வந்திருப்பதும் வேறு வேறு. நாடு முழுவதும் பேர் பெற்ற தனியார் நிறுவனம் ஒன்றின் ஃபைபர் பேருந்து நிலையம் வரை வந்து நிற்கிறது. 'இன்னும் பத்துப் பேர் சேர்ந்தால் இழுக்கலாம்' என்றார்கள். 5ஜி மூலம் வரும் ஏர்ஃபைபரையும் யோசித்தேன். மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்து, கோபுரத்திலிருந்து காற்றுவழியே வாங்கும் ஏற்பாடு அது. தெருவைத் தோண்ட வேண்டியதில்லை, கம்பம் ஏற வேண்டியதில்லை. ஆனால் நான் குடியிருப்பது பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில். மாடியிலிருந்து கோபுரம் இருக்கும் திசையை அடுத்த வீட்டின் ஓட்டுக்கூரை மறைக்கிறது. வந்தவர் கைப்பேசியை நான்கு மூலையிலும் பிடித்துப் பார்த்துவிட்டு, 'கொடுப்போம், ஆனால் மழைக்காலத்தில் என்னைத் திட்டக்கூடாது' என்றார். அந்த நேர்மைக்காகவே வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. விலையைப் பொறுத்தவரை விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். 399 என்று பெரிய எழுத்தில் இருந்தால், வரி சேர்ந்து கையிலிருந்து போவது ஏறத்தாழ 471.

கடைசியில் பிஎஸ்என்எல் ஃபைபருக்கு வந்து சேர்ந்தேன். அதில் ஒரு வசதி உண்டு. முதன்மைக் கம்பி அவர்களுடையது. கடைசித் துண்டை இழுத்து, பழுது பார்த்து, வருவாயில் பங்கு வாங்கிக்கொள்பவர் உள்ளூர்க் கூட்டாளி. எங்கள் ஊர்க் கூட்டாளியிடம் கேட்டேன்: 'உங்களிடம் கம்பம் ஏறுவது யார்?' அவர் சொன்ன பெயரைக் கேட்டதும் அங்கேயே பணம் கட்டிவிட்டேன். சாத்திய கடையில் ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அதே லைன்மேன்தான். அவருக்கும் அங்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கியாம். நம் ரசீதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், அடைமழையில் கம்பி அறுந்த இரவில் அழைத்தால் போனை எடுப்பவர் யார் என்பதை வைத்தே இணைப்பை முடிவு செய்ய வேண்டும் என்று எனக்குப் படுகிறது. வேகத்தைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பேன். 2.5 ஜிகாபிட் வரும் ஓர் இழையை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். மெய்ப்புப் பார்ப்பவனுக்கு 30 எம்பிபிஎஸ் போதும்.

லைன்மேன் வந்த அன்று திண்ணையில் அமர்ந்து ஒன்றரை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் பழைய வயரையே வைத்துக்கொண்டார். அதை இழுத்தவர் அவர், அதன் ஒவ்வொரு ஒட்டும் அவருக்குத் தெரியும். முனையில் கறுப்பு உறையை உரித்ததும் மயிர்போல ஒரு கண்ணாடி இழை வந்தது. அதை ஸ்பிரிட் தொட்ட தாளால் துடைத்தார். துடைக்கும்போது 'கிறீச்' என்று ஒரு சிறு சத்தம் வர வேண்டுமாம், வந்தால்தான் சுத்தம். பிறகு வெட்டும் கருவியில் ஒரே வெட்டு. டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒட்டும் இயந்திரத்தில் இரு முனைகளையும் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு தூண்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, நேராகி, ஒரு பொறி வெடித்ததும் ஒரே தூணாகிவிட்டன. ஒளியின் அளவைக் காட்டும் மீட்டரை மாட்டிப் பார்த்து, 'மைனஸ் 19, அருமை' என்றார். சென்ற ஆண்டு முழுவதும் மைனஸ் 27 இல் அல்லாடிக்கொண்டிருந்த இணைப்பு அது. மூன்று எண் குறைந்தால் ஒளி பாதியாகிவிடும் என்று விளக்கினார். பழைய கடைக்காரர்கள் நடுவில் இருந்த ஒரு கெட்ட ஒட்டைச் சரிசெய்ய ஆளனுப்பவே இல்லையாம். சொல்லும்போது அவர் குரலில் என்னைவிட அதிகக் கோபம் இருந்தது.

பெட்டி விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னொரு நட்டம். 1,500 ரூபாய் முன்பணம் கொடுத்து வாங்கிய பழைய பெட்டி 'ஈபான்' வகை; பிஎஸ்என்எல் தருவது 'ஜிபான்'. இழைவழித் தரவு அனுப்பும் இரு வேறு முறைகள் அவை. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. எதிர்வீட்டுக்காரருடையது இரண்டுக்கும் பொருந்தும் 'எக்ஸ்பான்'. அவர் அதையே மாட்டிக்கொண்டார். நான் புதிதாக வாங்கினேன். அதை அமைக்கும்போது லைன்மேன் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே எழுத்துப் பிசகாமல் கொடுத்தார். அவ்வளவுதான், தொலைக்காட்சி, அச்சுப்பொறி, என் மனைவியின் கைப்பேசி எல்லாம் ஒன்றும் நடவாததுபோலத் தாமாகவே இணைந்துகொண்டன. இந்த வீட்டின் சுண்ணாம்புச் சுவரை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டுவதில்லை. அடுப்படிவரை போவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கம்பெனி மாறினாலும் சுவர் மாறவில்லையே.

உங்கள் தோப்பு வீட்டுக்கு வருகிறேன். அங்கே கண்காணிப்பு கேமரா வைத்து, கோவையிலிருந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சிறு நிறுவனங்கள் பலவும் ஐபி முகவரி என்னும் இணைய விலாச எண் ஒன்றையே பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. பழைய மாதிரி கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க அது இடம் கொடுக்காது. தனி ஐபி தருவார்களா, அதற்கு எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் டான்ஃபிநெட் திட்டத்தில் உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குக் கம்பி வந்துவிட்டதா என்பதையும் விசாரித்துப் பாருங்கள். அங்கிருந்து வீடுகளுக்குக் கொடுக்க யாரேனும் முன்வந்திருந்தால் உங்களுக்கு இரண்டாவது வழி ஒன்று கிடைக்கும்.

அடுத்த முறை தோப்புக்குப் போகும்போது, ஏற்கெனவே அங்கே மாட்டியிருப்பதாகச் சொன்ன பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஈபானா ஜிபானா என்று லைன்மேனிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன். இனி படம் அனுப்பினால் அன்றே பார்த்துவிடுவேன்.

தங்கள் அன்புள்ள நண்பன்