உள்பக்கத் தையல்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
17-11-2024

அன்புள்ள மகள் தேவிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். நேற்று நவம்பர் 16. மதராஸிலிருந்து 342 பேரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்து 164 ஆண்டுகள் ஆகின்றன. கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்து உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், முடிக்க இன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. என் தமிழ் கல்வெட்டுப் போல இருக்கிறதென்று நீ சிரிப்பாய். உன் தாத்தா கோயில் திண்ணையில் நடத்திய மாலைப் பள்ளியில் படித்த தமிழ் இது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே எனக்கு வேறு நடை வராமல் போய்விட்டது.

விடுமுறை நாளில் உன்னோடு வேலை பார்க்கும் செவிலியர் இருவருடன் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குப் போனதாகவும், சானேலே முஹோலியின் ஒளிப்படங்களுக்கு முன் நின்றபோது அவர்களில் ஒருத்தி, "இவர் உங்கள் ஊர்க்காரர்தானே, இந்தப் படத்துக்கு என்ன பொருள்?" என்று கேட்டதாகவும், ஒன்றும் சொல்லத் தெரியாமல் கூச்சத்தோடு அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். கூடவே, இத்தகைய இடங்கள் கலை படித்தவர்களுக்கானவை, நமக்கானவை அல்ல என்றும் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் ஊர்க்காரர் விஷயத்தைப் பேசிவிடுவோம். முஹோலி 1972-இல் பிறந்தது உம்லாசியில். நம் ஊருக்கும் உம்லாசிக்கும் நடுவே ஓர் ஆறுதான் ஓடுகிறது. இந்தியர் இங்கே, ஆப்பிரிக்கர் அங்கே என்று கோடு போட்டு, நகரத்தில் கலந்து வாழ்ந்தவர்களைப் பெயர்த்தெடுத்து, இந்த இரண்டு ஊர்களையும் நிறவெறி அரசாங்கம் அருகருகே நட்டது. ஆனால் ஒரு ஊரிலிருந்து மற்றொன்றுக்குப் போவதற்கு யாருக்கும் காரணம் இல்லாதபடி பார்த்துக்கொண்டது. அந்தச் சட்டங்கள் ஒழிந்த பிறகு பிறந்தவள் நீ. அப்படியிருந்தும் அந்தப் பக்கத்துக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாயே தவிர, ஒருநாளும் அங்கே போனதில்லை. நானும் உன்னை அழைத்துப் போனதில்லை. அங்கே பிறந்த ஒருவருடைய முகத்தின் முன்னால் நீ முதன்முறையாக ஐந்து நிமிடம் நின்றது லண்டனில். வெட்கப்பட வேண்டியவள் ஒருத்தி உண்டென்றால் அது நான்தான்.

இனிப் படித்தவர்களுக்கான இடம் என்ற பேச்சு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதும், ஜேக்கப்ஸில் ஒரு சட்டை ஆலையில் பல ஆண்டுகள் காலர் தைத்தவள் என்பதும் உனக்குத் தெரியும். ஒரு சட்டை எப்படிப்பட்டது என்று அறிய நாங்கள் அதன் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பார்ப்போம். நூல் எங்கே முடிந்திருக்கிறது, முனையில் துணியைக் கத்தரித்த பிறகு திருப்பினாளா அப்படியே திணித்தாளா, பிரித்துத் தைத்த துளைகள் தெரிகின்றனவா, அவசரத்தில் தைத்தாளா, மனம் வைத்துத் தைத்தாளா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இது. கண்காட்சிக்குள் நுழையும்போதும் இதை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை என்பதைக் கேப் டவுனில்தான் கண்டுகொண்டேன்.

2017 டிசம்பரில் உன் மாமா வீட்டுக்குப் போயிருந்தோமே, அப்போது ஸைட்ஸ் மொக்கா அருங்காட்சியகம் திறந்து மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. நீ துறைமுகத்துக் கடைகளோடு நின்றுவிட்டாய். அப்பாவும் நானும் உள்ளே போனோம். அது 1920-களில் கட்டிய தானியக் களஞ்சியம், 57 மீட்டர் உயரம். நெருக்கமாக நிற்கும் 42 கான்கிரீட் குழாய்களை வைத்துக்கொண்டு அருங்காட்சியகம் எப்படிக் கட்டுவது? தாமஸ் ஹெதர்விக் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஒரே ஒரு மக்காச்சோள மணியின் வடிவத்தை எடுத்து, அதைப் பல மாடி உயரத்துக்குப் பெரிதாக்கி, அந்த வடிவத்திலேயே குழாய்களின் நடுவைக் குடைந்து கூடமாக்கிவிட்டார். நான் பார்த்தது வெட்டிய விளிம்புகளை. குழாயின் சுவர் சொரசொரப்பாகவே இருக்க, வெட்டுப்பட்ட ஓரம் மட்டும் கண்ணாடி போலத் தேய்த்து மெருகேற்றப்பட்டிருந்தது. வெட்டிய துணியின் ஓரம் பிசிறு விடாமல் மடித்து அடிப்போமே, அந்தக் கவனம் அதில் இருந்தது. அப்பாவோ, துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர் ஆதலால், "இதே மாதிரிக் குழாய்க்குள் இறங்கிப் பெருக்கியவன் நான், எனக்கே டிக்கெட்டா?" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கூடத்தின் நடுவே, கறுப்பாக, சிறகு விரித்த பெரிய பிராணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பறவையா, பாம்பா, பூதமா என்று சொல்ல முடியவில்லை. நிக்கோலஸ் ஹ்லோபோ செய்தது. கோசா மக்கள் நம்பிக்கையில் வரும் மின்னல் பறவை அது என்று பிறகு அறிந்தேன். ஆனால் அறிவதற்கு முன்பே நான் அதனிடம் போய்விட்டேன். பழைய டயர் டியூப்களை வெட்டி, வண்ண ரிப்பன்களால் தைத்திருந்தார். ரப்பரைத் தைப்பது எளிதல்ல. துணியில் துளை விழுந்தால் இழைகள் மறுபடி நெருங்கிக்கொள்ளும். ரப்பரில் ஒருமுறை குத்தினால் குத்தியதுதான், தப்பாகக் குத்திவிட்டுப் பிரித்துத் தைக்க வழியில்லை. அப்படி ஆயிரக்கணக்கான துளைகளை ஒரு கை தயங்காமல் போட்டிருக்கிறது என்று கண்ட மாத்திரத்தில், அந்தப் பிராணி அச்சமூட்டுவதாகவும் அழகாகவும் ஒருசேர ஆகிவிட்டது. பொருள் என்ன என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. எழுந்தபோது பாதி விடை கையில் இருந்தது.

இந்தப் பழக்கத்தால் ஒருமுறை அவமானமும் பட்டேன். வேறொரு காட்சிக்கூடத்தில், ஊர் பேர் வேண்டாம், ஒட்டுத்துணிகளால் ஆன பெரிய திரைச்சீலை ஒன்றின் ஓரத்தை என்னையறியாமல் விரலால் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்துவிட்டேன். காவலுக்கு நின்ற பையன் ஓடிவந்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டான். தவறு என்னுடையது, ஒருவர் தொட்டால் ஒன்றுமில்லை, ஒரு இலட்சம் பேர் தொட்டால் விரல் எண்ணெயே துணியைத் தின்றுவிடும். ஆகவே நீ தொடாதே. பக்கவாட்டில் நின்று பார். சுவருக்கும் பொருளுக்கும் இடையில் எப்போதும் ஓர் இடுக்கு இருக்கும், நேராக நின்றால் தெரியாத பல சங்கதிகள் அதற்குள் தெரியும். இன்னொன்று, விளக்க அட்டையை முதலில் படிக்காதே. முழங்கால் உயரத்தில் வெளிறிய சாம்பல் எழுத்தில் அதை ஒட்டிவைப்பவர்கள் மேல் எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு.

சென்ற குளிர்காலத்தில் அதே டேட் மாடர்னின் பெரிய கூடத்தில் சிவப்புக் கப்பற்பாய் போல ஒன்று தொங்குகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அது கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் தொழில் நடத்திய எல் அனட்சுய் செய்தது. மதுப் புட்டிகளின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, ஓரங்களில் துளையிட்டு, மெல்லிய செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று முடிந்து துணியாக்குகிறார். அவரோடு பலர் உட்கார்ந்து முடிகிறார்கள். ஏறக்குறைய எங்கள் ஆலை வரிசை போலத்தான். உலோகம் எப்படித் துணியைப் போல மடிந்து விழுகிறது என்று நீ ஒரு கணம் கேட்டிருந்தால், கண் அந்தக் கம்பி முடிச்சுக்குப் போயிருக்கும். அங்கிருந்து மூடிக்கு, மூடியிலிருந்து மதுவுக்கு, மதுவிலிருந்து அதைக் காய்ச்சிய கரும்புக்கு, கரும்புக்காகக் கடல் கடத்தப்பட்ட அடிமைகளுக்கு. அந்தக் காட்சிச்சாலைக்குப் பெயர் கொடுத்த ஹென்றி டேட்டும் சர்க்கரை சுத்திகரித்துப் பணம் சேர்த்தவரே. கரும்பு என்றதும் நேட்டால் தோட்டங்கள் நினைவுக்கு வராத தமிழ்க் குடும்பம் இங்கே ஏது? ட்ரூரோவில் வந்தவர்களின் பேத்தியின் பேத்தி நீ, அந்தக் கூடத்தை அன்றைக்கு மழைக்கு ஒதுங்கும் இடமாகக் கடந்து போயிருக்கிறாய்.

திட்டவில்லை. நானும் அப்படிக் கடந்து போனவள்தான்.

ஆலையில் என் இடப்பக்கத்து மிஷினில் பதினொரு ஆண்டுகள் உட்கார்ந்தவள் உம்லாசிக்காரி. நீ பார்த்திருக்கிறாய், தீபாவளிக்குப் பலகாரம் வாங்க வருவாளே, அந்த அத்தைதான். 1990-களில் இறக்குமதித் தீர்வை குறைந்து வெளிநாட்டுச் சட்டைகள் குவிந்தபோது ஆலை மூடப்பட்டது. அவளும் நானும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் அவளை நகர மண்டபத்தின் மேல்மாடியில் இருக்கும் டர்பன் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். 1910-இல் கட்டிய அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் இருவரும் அதுவரை போனதெல்லாம் கீழ்மாடியில் டோடோப் பறவையின் எலும்புக்கூட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான். மேலே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இம்பெங்கே இருந்தது. பீர்ப்பானையை மூட ஜூலு மக்கள் புல்லால் முடையும் சிறு தட்டு, ஆனால் இது வண்ணத் தொலைபேசிக் கம்பியால் பின்னியது. அதைப் பார்த்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுடைய அண்ணன் இரவுக் காவல்காரர். தூக்கம் வராதிருக்கக் கம்பித் துண்டுகளை முதலில் தன் கைத்தடியில் சுற்றுவாராம், பிறகு இம்பெங்கே பின்னக் கற்றாராம். "இதற்கு விளக்கு வேறு போட்டிருக்கிறார்களே" என்றாள். பிறகு கீழே குனிந்து, கழுத்தைச் சாய்த்துப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்க முயன்றாள். ஏன் என்று கேட்டேன். "பின்னல் நடுவில்தான் தொடங்கும். தொடக்கத்தை எப்படி மறைத்திருக்கிறான் என்று அடியில் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும்" என்றாள். பதினொரு ஆண்டுகள் பக்கத்தில் இருந்தும் அவளும் என்னைப் போலவே பார்க்கிறவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இனி உன் தோழி கேட்ட படத்துக்கு வருகிறேன். நீ கைப்பேசியில் அனுப்பியவற்றில், துணி காயப்போடும் கிளிப்புகளைத் தலைமுடியிலும் காதிலும் மாட்டிக்கொண்டு முஹோலியே நம்மைப் பார்க்கிறாரே, அதுதான் அது. தன் உருவத்தைத் தானே எடுத்த அந்த வரிசைக்கு ஜூலுவில் அவர் வைத்த பெயரைத் தமிழில் "கரிய பெண்சிங்கமே வாழ்க" எனலாம். படத்தின் ஒளிநிழல் வேறுபாட்டைக் கூட்டித் தோலை வேண்டுமென்றே இன்னும் கறுப்பாக்குகிறார். மாநிறத்தை வெளுப்பாக்கித் தரும் நம் கல்யாணப் படக்காரர்களை நினைத்துக்கொண்டேன். இந்தப் படத்துக்கு அவர் தம் தாயின் பெயரை வைத்திருக்கிறார். பெஸ்டர் என்ற அந்த அம்மாள் ஒரே வெள்ளைக்காரக் குடும்பத்தில் 42 ஆண்டுகள் வீட்டு வேலை செய்தவர். அவருக்குக் கொடியும் கிளிப்பும் எப்படியோ அப்படி எனக்கு ஊசியும் பாபினும். பெண்களை விரும்பும் பெண்களை அவர் எடுத்த படங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். தொடக்கத்தில் எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது, இப்போது இல்லை. அந்த முகங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதை வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

இந்தப் படத்தைப் போன வியாழக்கிழமை உம்லாசி அத்தையிடம் காட்டினேன். ஆலையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகு அவளும் பல வீடுகளில் துணி துவைத்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பொருள் என்ன என்று அவள் கேட்கவில்லை. "இந்தக் கிளிப்பின் ஸ்பிரிங் காதில் எப்படிக் கடிக்கும் தெரியுமா? முகத்தில் அது தெரியவே இல்லையே" என்றாள். அவள் போன பிறகு கொடியிலிருந்து ஒன்றை எடுத்து என் காதில் மாட்டிப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் கழற்றிவிட்டேன்.

ஜனவரி 26 வரை கண்காட்சி இருக்கிறதாம். தனியாக ஒருமுறை போய், காதுப் பக்கத்தை மட்டும் நிதானமாகப் பார்த்து எனக்கு எழுது. கைப்பேசிப் படத்தில் அந்த இடம் இருட்டாக இருக்கிறது. குளிருக்கு அந்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். அதன் இடது கை உள்பக்கத்தில் நூல் விட்டிருந்தது, புறப்படும் முன் நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

அன்புடன்,
உன் அம்மா