கீத்லியிலிருந்து அப்பாவுக்கு

கீத்லி,
யோர்க்‌ஷயர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். குளிருக்கு உடம்பு பழகிவிட்டது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதற்குத்தான் மனம் இன்னும் பழகவில்லை. முதியோர் இல்லத்து வேலை, சாப்பாடு, வீட்டு வாடகை எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டியது வேறு. இங்கிலாந்தின் இந்த மலைப்பக்கத்து முதியவர்கள் பேசும் ஆங்கிலத்தை நீங்கள் ஒரு முறையாவது கேட்க வேண்டும்.

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் நீங்கள் எழுதிய கடிதங்களில் தேதிக்குப் பின்னால் 'இன்ஸ்டன்ட்', 'அல்டிமோ', 'ப்ராக்சிமோ' என்று வரும். இம்மாதம், சென்ற மாதம், வரும் மாதம் என்று எனக்கு விளக்கியதும் நீங்கள்தான். என்னோடு வேலை செய்யும் இளையவர்கள் இவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் இல்லத்தில் ஓர் அம்மையார் இருக்கிறார், வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். உங்களைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்து மூன்றையும் வரிசையாகச் சொன்னார். மூன்று தடவை என்பதற்கு நாம் எழுதும் 'த்ரைஸ்' கூட இங்கே பேச்சில் அபூர்வமாகத்தான் கேட்கிறது.

'ஃபோர்ட்நைட்' மட்டும் உயிரோடு இருக்கிறது. குப்பை எடுக்க வருவதும் அந்தக் கணக்கில்தான். பதினான்கு இரவுகள் என்பதே தேய்ந்து அப்படி ஆனது. ஏழு இரவுக்கு 'செனைட்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. அதை இப்போது பழைய நூல்களில்தான் பார்க்கலாம்.

இங்குள்ள ஆண்கள் சிலர், அதிலும் வயதானவர்கள், நெருங்கியவர்களிடம் 'யூ' சொல்வதில்லை; 'தா' என்கிறார்கள். 1611ஆம் ஆண்டு பைபிளில் வரும் 'தௌ'தான் அது. பழைய ஆங்கிலத்தில் அது ஒருமை, நம்முடைய 'நீ' போல. 'யூ' முதலில் பன்மையாக இருந்து, பிறகு மரியாதைக்கும் வந்தது. பொது ஆங்கிலம் 'நீ'யைக் கைவிட்டு எல்லாரையும் 'நீங்கள்' ஆக்கிவிட்டது. யோர்க்‌ஷயர் போன்ற சில பகுதிகள் அதை விடவில்லை. அளவுக்கு மீறி உரிமை எடுப்பவனை, 'என்னை நீ என்று கூப்பிடாதே' என்ற பொருளில் அதட்டுவதற்கு இங்கே ஒரு பழமொழியே உண்டு. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கும் நம் ஊருக்கு இந்த நுட்பத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் தடவை என்னைப் பார்த்து ஒரு முதியவர் 'தா' என்றபோது, வீட்டுப் பிள்ளையாக எண்ணிவிட்டார் என்று மகிழ்ந்தேன்.

அவர் ஆடு மேய்த்தவர். சன்னலுக்கு வெளியே மலையைக் காட்டி 'யோன்' என்பார். இது, அது என்ற இரண்டுக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைச் சுட்டும் சொல் அது. புத்தக ஆங்கிலத்தில் இன்று சுட்டு இரண்டுதான். தமிழ்நாட்டிலும் பேச்சில் 'உது' போய்விட்டது. நாம்தான் 'உவன் எங்கே போறான்' என்று இன்னும் கேட்கிறோம். நம் 'உ' இடையில் இருப்பதைச் சுட்டும், அவர்களுடையது தொலைவைச் சுட்டும். வேலை வேறுதான், ஆனாலும் மூன்றாவது சுட்டை விடாமல் பிடித்திருக்கும் இரண்டு ஊர்களிலும் நான் வாழ்ந்துவிட்டேன் என்பதில் எனக்குப் பெருமை.

ஆடு எண்ணுவதற்கு அவரிடம் தனி எண்களே இருக்கின்றன: யான், டான், டெதர், மெதர், பிப். பத்து என்றால் 'டிக்'. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஒலி கொஞ்சம் மாறும். இருபது வரை எண்ணி, ஓர் அடையாளம் வைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்களாம். ஆங்கிலேயர் வருமுன் இங்கே பேசப்பட்ட கெல்டிக் மொழியோடு இவற்றுக்கு உறவு உண்டு என்கிறார்கள். வெல்ஷ் மொழியில் ஐந்து 'பிம்ப்', பத்து 'டெக்' என்பதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இனி, உங்களுக்கு மிகவும் பிடிக்கப்போகும் மனிதர். ஜோசப் ரைட் என்று பெயர். 1855இல் பிராட்ஃபோர்டுக்கு அருகே ஏழை வீட்டில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே கல் உடைக்கும் இடத்தில் கழுதை வண்டி ஓட்டினார். பிறகு சால்டேர் கம்பளி ஆலையில் வேலை. பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மனிதர் தாமே படித்து, ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பீட்டு மொழியியல் பேராசிரியர் ஆனார். ஆங்கில வட்டார வழக்கு அகராதியை 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய சொற்களையெல்லாம் ஊர் ஊராகத் திரட்டி, எந்த மாவட்டத்தில் என்ன பொருளில் வழங்குகிறது என்று பதிந்து வைத்த வேலை அது. நான் லீட்ஸுக்குப் போகும் ரயில் சால்டேரில் நிற்கும். அந்த ஆலைக் கட்டடம் இன்றும் இருக்கிறது, உள்ளே ஓவியக்கூடம். ஒரு நாள் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கூலி வேலைக்கு வந்த ஒரு பிள்ளை இங்கிருந்து எவ்வளவு தூரம் போனான் என்று நினைக்கக் கண் கலங்கியது.

நம் சொற்களையும் யாராவது அப்படித் திரட்ட வேண்டும், அப்பா. இங்கே வீடுகளுக்கு நடுவே போகும் ஒடுக்கமான நடைபாதைக்கு 'கின்னல்' என்று பெயர். அதில் நடக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஒழுங்கைதான் நினைவு. கொழும்பில் வளரும் அண்ணாவின் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியுமோ என்னவோ.

ஆட்டுக்கார ஐயா என்னிடம், 'உங்கள் ஊரில் எண்ணுவதற்கு வேறு சொல் உண்டா' என்று கேட்டார். களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்னாமல் 'லாபம்' என்று தொடங்குவதைச் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மீதியையும் கேட்கிறார். சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் வழங்கும் சொற்கள் எத்தனையோ உண்டு என்று நீங்கள் சொல்வீர்களே, 'பொலி' தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. வன்னியில் பெரியப்பாவிடமும் கேட்டு, எல்லாவற்றையும் பொருளோடு அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் வேண்டாம், உங்கள் கையெழுத்தில் வேண்டும்.

அம்மாவை மருந்தை நேரத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

அன்பு மகள்