சைக்கிளில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டிகள் கொடுத்து முடித்துவிட்டோம். இனி காலையும் மாலையும் பைபாஸில் நம் பள்ளிச் சைக்கிள்கள் இன்னும் கூடும். மழைக்காலமும் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளையையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் காதிலும் விழட்டும்.

பிள்ளை கிளம்பும்போது நாம் எல்லோரும் சொல்வது "பார்த்துப் போ". ஆனால் சைக்கிளில் போகிறவர்கள் எப்படி இறக்கிறார்கள் என்று பார்த்தால், ஒழுங்காகப் பார்த்துப் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் அடிக்கிற வண்டி பல நேரம் பின்னாலிருந்து வருகிறது. முதுகில் யாருக்கும் கண் இல்லை. அங்கே பிள்ளை பார்ப்பதைவிட, ஓட்டுநர் கண்ணுக்குப் பிள்ளை தெரிவதுதான் முக்கியம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்கச் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் 6 சதவீதம். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களை நோயைவிட, வேறு எதையும்விட அதிகமாகக் கொல்வது சாலைதான். நம் நாட்டில் 2022-ல் 1.68 லட்சம் பேர் போனார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். "எங்கேயோ வளைவில், பள்ளத்தில் நடப்பது" என்று நினைக்க வேண்டாம். அந்த ஆண்டு நாடு முழுக்க நடந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலையில்தான் நடந்திருக்கிறது. இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் இறந்தவர்கள். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையிலான மூன்று மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விபத்து. நேர்ச்சாலை, வேகம், அந்தி நேரம் என்ற இந்த மூன்றும் நம் பைபாஸில் மாலை ஆறேகாலுக்கு ஒன்றாகச் சேர்கின்றன. சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் நேரமும் அதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் ஓட்டுநர், எதிரே இருப்பதைக் கண்டு பிரேக்கில் காலை வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையிலேயே இன்னும் 35 மீட்டர் வேண்டும். லோடு ஏற்றிய லாரிக்கு, அதுவும் ஈரச் சாலையில், இதைவிட அதிகம். டிம் லைட்டில் விளக்கில்லாத சைக்கிள் கண்ணில் படும் தூரமே நாற்பது ஐம்பது மீட்டர்தான். ஆக, ஓட்டுநர் குடிக்காமல், போன் பார்க்காமல், நல்லவராகவே இருந்தாலும் வண்டி நிற்காது. அதே கார் 40-ல் வந்தால் 20 மீட்டரில் நின்றுவிடும்.

நாங்கள் படித்த காலத்தில் டைனமோ இல்லாமல் இரவில் போனால் போலீஸ்காரர் நிறுத்தி வால்டியூபைப் பிடுங்கிவிடுவார், உங்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். டபுள்ஸ் போனாலும் அதே கதை. இன்று சைக்கிளை யாரும் கண்டுகொள்வதில்லை. டைனமோவும் போய்விட்டது, பயமும் போய்விட்டது. அதனால் இந்த வாரத்துக்குள் ஒவ்வொரு சைக்கிளிலும் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். உடைந்திருந்தால் பள்ளியில் வாங்கி வைத்திருக்கிறோம், கேட்டால் மாட்டிக் கொடுப்போம். மட்கார்டிலும் புத்தகப் பையின் பின்பக்கத்திலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறோம். பை அழகு கெடுகிறது என்று கிழித்துவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியில் எரியும் சின்னப் பின்விளக்கு ஒன்று வாங்கித் தர முடிந்தால் மிகவும் நல்லது.

அடுத்தது லாரி. போன வாரம் எம்-சாண்ட் டிப்பர் ஓட்டும் நம் பள்ளிப் பெற்றோர் ஒருவர் வண்டியை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளையாக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தோம். இடது பக்கம், முன் சக்கரத்தை ஒட்டி, நான்கு பேரைச் சைக்கிளோடு நிறுத்தினோம். மேலே இருந்த பிளஸ் ஒன் மாணவி கண்ணாடியைப் பார்த்தாள், எட்டிப் பார்த்தாள், "யாருமே இல்லையே சார்" என்றாள். கீழே நின்ற நான்கு பேரும் அவளோடு தினமும் வருகிறவர்கள். அப்புறம் அவர் வண்டியை மெதுவாக இடப்பக்கம் திருப்பிக் காட்டினார். முன் சக்கரம் அகலமாகப் போகிறது, பின் சக்கரமோ அதே தடத்தில் வராமல் உள்ளே ஒடுங்கி ஓரத்தை அறுத்துக்கொண்டு வருகிறது. சுண்ணாம்புக் கோட்டில் வைத்த காலி பிளாஸ்டிக் குடம் நசுங்கிப்போனது. பிள்ளைகள் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் லண்டனிலும் இதே கதைதான். 2013 நவம்பரில் இரண்டே வாரத்தில் ஆறு பேர் அங்கே சைக்கிளில் போகும்போது இறந்தார்கள். லாரியும் பஸ்ஸும்தான் அங்கே பெரிய எமன். அதன் பிறகு, ஓட்டுநருக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று மதிப்பிட்டுத்தான் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை நகருக்குள் விடுகிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து அதை மீறினால் அபராதம். இங்கே அப்படி விதி வரும்வரை நமக்கு ஒரே விதி: திரும்பும் இடத்தில் நிற்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடது பக்கச் சந்தில் நுழையவே கூடாது. பின்னால் நிற்கட்டும். இரண்டு நிமிடம் தாமதமானால் கேட்டில் யாரும் திட்ட மாட்டோம். பி.இ.டி. ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன்.

ராங் சைடைப் பற்றி உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் பாதித் தவறு சாலையுடையது. ஊர் ஒரு பக்கம், பள்ளி மறு பக்கம், மீடியனில் திரும்பும் இடமோ தூரத்தில். வெயிலில் யார் சுற்றிப் போவார்கள்? ஆனாலும் ஆபத்து உண்மை. சந்திலிருந்து வெளியே வரும் பைக்காரர் வலப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்புவார். இடப்பக்கமிருந்து எதிரே வரும் சைக்கிளை அவர் எதிர்பார்ப்பதே இல்லை. மோதினால் இரண்டு வேகமும் கூடிக்கொள்ளும். எனவே அந்தத் துண்டு தூரத்துக்குச் சைக்கிளிலிருந்து இறங்கி, தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஹெல்மெட் போட்டால் நல்லது, தலையில் விழும் அடி குறையும். ஆனால் டிப்பர் சக்கரத்துக்கு அது பதில் இல்லை.

"இவ்வளவு ஆபத்தென்றால் ஸ்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. தயவுசெய்து வேண்டாம். 2022-ல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் பைக், ஸ்கூட்டரில் போனவர்கள். மேலும் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

ஒருவேளை விபத்து நடந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கூட. உதவி செய்தவரைச் சாட்சி சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தாது.

நாங்கள் எடுத்திருக்கும் முடிவு இது: நவம்பர் முதல் ஜனவரி கடைசி வரை மாலைச் சிறப்பு வகுப்பு 5 மணிக்கே முடியும். குறையும் நேரத்தைக் காலையில் சேர்க்கிறோம். ரிசல்ட் என்னாகும் என்று கவலைப்படுகிறவர்கள் என்னை நேரில் வந்து பார்க்கலாம். ஒரே வழியில் போகிறவர்கள் கூட்டமாக, ஆனால் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவார்கள். பத்துச் சைக்கிள் சேர்ந்து போனால் ஓட்டுநர் கண்ணில் பட்டே தீரும்.

மீதி உங்கள் கையில். நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு என்கிறோம். அங்கே 1971-ல் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதை என்ற பேச்சு சூடுபிடித்தது. நாம் மறியல் செய்ய வேண்டியதில்லை, நவம்பர் 1 கிராம சபைக்கு வந்தால் போதும். பைபாஸிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் விளக்கு, பள்ளி நேரத்தில் டிப்பர்களுக்குத் தடை, சர்வீஸ் ரோட்டில் கிடக்கும் ஜல்லியை அகற்றுவது என மூன்று கோரிக்கைகளைப் பள்ளி மேலாண்மைக் குழு எழுதி வைத்திருக்கிறது. தீர்மானமாகப் பதிவாக வேண்டும் என்றால் பேச ஆள் வேண்டும். அம்மாக்கள் கட்டாயம் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்