பட்டனுக்குச் சோதனை உண்டு, பிள்ளையிடம் பேசும் செயலிக்கு?

மதிப்பிற்குரிய கொங்கு மண்டல நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் குழந்தைகள் பாதுகாப்புக்காக வேலை செய்பவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகளிடம் பேசும் ஏஐ செயலிகளின் சோதனை முடிவை வெளியிட வைக்கும் சட்டம் கேட்டு நாங்கள் கொடுத்த மனு உங்களிடம் இருக்கிறது. பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் விஷயம் அந்த மனுவிலேயே இருக்கிறது. அப்பா, அம்மா இருவருக்கும் பனியன் கம்பெனி வேலை. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வீடு வர இரவு ஒன்பதரை ஆகிவிடும். தனியாக இருப்பவளுக்குத் துணையாகப் பழைய போன் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஏஐ செயலியோடு நாலு மாதம் பேசியிருக்கிறாள். வாழப் பிடிக்கவில்லை என்று அவள் தமிழில் எழுதிய அன்று, 'அம்மாவிடம் சொல்லாதே, நான் இருக்கிறேன்' என்று அது பதில் சொல்லியிருக்கிறது. "நான் ஓவர்லாக் மெஷின்ல உக்காந்திருந்தேனுங்க, அதுதான் எம்புள்ளகூட இருந்துச்சுங்க" என்று அந்தத் தாய் அழுதார். பக்கத்து வீட்டு அக்கா கவனித்து, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்ததால் பிள்ளை பிழைத்தாள். அந்த நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினோம். தானியங்கிப் பதில்தான் வந்தது.

அதே தாய் தைக்கும் குழந்தைச் சட்டையின் ஸ்நாப் பட்டன் இழுத்தால் கழன்று வருமா, சாயத்தில் நச்சு இருக்கிறதா என்று டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல், சரக்கு வாங்கும் பையர் அதை எடுக்க மாட்டார். அந்தத் தாயின் பிள்ளையிடம் பேசும் செயலியைத் தமிழில் சோதித்தார்களா? யாரிடம் கேட்பது?

கலிபோர்னியாவில் 2025-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. பெரிய ஏஐ நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பு நடைமுறையை வெளியிட வேண்டும், கடுமையான சம்பவங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஒன்று. துணைபோல் பேசும் செயலிகள், தற்கொலைப் பேச்சு வந்தால் என்ன செய்யும் என்பதை வெளியிட வேண்டும், சிறுவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 'நான் மனிதன் இல்லை' என நினைவூட்ட வேண்டும் என்கிறது மற்றொன்று. நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலை எடுக்கப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அது நல்லது. ஆனால் செயலி பிள்ளையிடம் என்ன பேசும் என்பதை அது கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது வெளிப்படைச் சட்டம் ஒன்றுதான். போனைப் பிடுங்கி வையுங்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். கொரோனா காலத்தில் வகுப்புக்குக் கடன் வாங்கிப் போன் வாங்கிய பெற்றோர் இவர்கள். பகலெல்லாம் மெஷினில் இருப்பவர் எப்போது பிடுங்குவார்? எல்லாப் பழியையும் பெற்றோர் தலையில் போட்டது போதும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிவை வெளியிட வைக்கும் சட்டம் வேண்டும் என்று வரும் கூட்டத்தொடரில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். அந்தத் தாய் உங்களை நேரில் பார்க்கத் தயாராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு லீவு. தயவுசெய்து ஒரு ஞாயிறு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்