கொழும்பிடம் கேட்பதற்கு முதல்

ஆசிரியருக்கு வணக்கம்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நடக்கிற மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டச் செய்திகளை உங்கள் பத்திரிகையில் விடாமல் வாசிக்கிறவன் நான். பெரும்பாலும் ஒரே செய்திதான். ஒருவர் பாலம் கேட்பார், ஒருவர் யானை வேலி கேட்பார், இன்னொருவர் வைத்தியசாலைக்கு ஆளணி கேட்பார், அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள், நடவடிக்கை எடுக்கப்படும் என்று செய்தி முடியும். கேட்பதில் பிழை இல்லை. ஆனால் மத்திய அரசிடம் எதை முதலில் கேட்பது, எந்த ஒழுங்கில் கேட்பது, யார் பெயரில் கேட்பது என்று இந்தக் கிழக்கு மாகாணத்தில் யாராவது உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்களா? அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்கு மதிப்பீடுகள் எழுதுகிற காலம் வந்துவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முதல் பணம் வருகிற மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும். அரசாங்கத்தின் நிதி ஆண்டு ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31 முடிகிறது. பாராளுமன்றத்தில் பாதீடு நிறைவேறி, சுற்றறிக்கை வந்து, திட்டம் அங்கீகாரமாகி, மதிப்பீடு போட்டு, விலைமனு கோரி, ஒப்பந்தகாரர் கையெழுத்து வைக்கும்போது வருடத்தில் பாதிக்கு மேல் ஓடிவிடும், அப்புறம் திறைசேரியிலிருந்து கட்டுநிதி, அதாவது கைக்கு வருகிற பணம், துளித்துளியாகத்தான் இறங்கும். எங்கள் பக்கத்தில் மண் வேலை செய்யக்கூடிய மாதங்கள் மாசி பங்குனியிலிருந்து புரட்டாதி வரைக்கும். அந்த மாதங்கள் முழுக்க பைல் மேசை மேசையாக நடக்கிறது. ஐப்பசியில் மழை தொடங்குகிறது, மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரமும் அப்போதுதான் வருகிறது. டிசம்பர் 31க்குள் வேலை முடியாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்று மாரி மழைக்குள்ளேயே வேலையை முடிக்கச் சொல்லி நெருக்குவார்கள். மேற்கில் டிசம்பரும் ஜனவரியும் ஓரளவு வெயில் மாதங்கள், அங்கே கடைசி நேரத்திலும் ஏதாவது செய்து முடிக்கலாம். இங்கே நவம்பரும் டிசம்பரும் வெள்ள மாதங்கள் என்பது கொழும்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் ஒரே விதியை எல்லா மாகாணத்துக்கும் போடுகிறார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஊர் வயல் வீதிக்கு இப்படித்தான் கிறவல் மண் போட்டார்கள். குவியல் குவியலாகக் கொட்டியிருந்ததைப் பரப்பி உருளை ஓட்டுவதற்கு முதலே மழை பிடித்துவிட்டது. கிறவல் கரைந்து பக்கத்து வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது, பெரும்போகத்துக்கு விதைத்திருந்த வயல்களில் மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்றது. கடைசியில் அந்த வயல்வெளியில் வேளாண்மை செய்கிற வட்டைக்காரர் எல்லோரும் சேர்ந்து, அரசாங்கப் பணத்தில் வந்து இறங்கிய அந்த மண்ணை எங்கள் மண்வெட்டியால் அள்ளி வரம்பில் போட்டோம். யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஒப்பந்தகாரரும் திகதிக்குள் முடிக்க வேண்டிய மனிதன்தானே. தொகை எழுதின பலகை வீதி முகப்பில் இன்னும் நிற்கிறது, கணக்கில் அந்த வீதி திருத்தி முடிந்த வீதி.

ஆகவே கிழக்கு மாகாணம் கேட்க வேண்டிய முதல் விடயம் இது: மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கான அங்கீகாரமும் விலைமனுவும் முந்தின வருட முடிவுக்குள் முடிந்திருக்க வேண்டும், பெப்ரவரியில் வேலை தொடங்க வேண்டும், முடியாத வேலையின் பணம் திரும்பிப் போகாமல் அடுத்த செப்டெம்பர் வரை நிற்க வேண்டும். இதற்கு மேலதிகமாக ஒரு சதமும் தேவையில்லை. விதியை மாற்ற மனம் வந்தால் போதும்.

சரி, பணத்துக்கு வருவோம். மாகாணங்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று ஜனாதிபதிக்குச் சிபாரிசு செய்ய 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் கீழ் நிதி ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் பதவி வழியாக அதில் உறுப்பினர்கள், மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவம் செய்ய இன்னும் மூன்று பேர். எதைப் பார்த்துப் பங்கிட வேண்டும் என்றும் அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது: சனத்தொகை, தலைக்குரிய வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைப்பது, ஆகக் கூடிய தலைவருமானம் உள்ள மாகாணத்துக்கும் மற்றவைக்கும் உள்ள இடைவெளியைப் படிப்படியாகக் குறைப்பது. கடைசி இரண்டையும் வாசித்தால் எங்களுக்காகவே எழுதினது போல இருக்கும். ஆனால் எங்கள் கூட்டங்களில் எவராவது இந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினதாக நான் வாசித்ததே இல்லை. மத்திய அரசிடமிருந்து மாகாணத்துக்கு வருகிற நன்கொடையில் பெரும் பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கும் மற்ற உத்தியோகத்தர் சம்பளத்துக்கும் போய்விடுகிறது, மிச்சத்தில்தான் வீதியும் குளமும் பள்ளிக்கூடக் கட்டடமும்.

மாகாணம் தன் காலில் நிற்கலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. வியாபார விற்பனையில் அறவிட்டு மாகாணங்களுக்கு வருமானம் தந்த புரள்வு வரியை 2011இல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக நாட்டைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு என்றார்கள், 2019 டிசம்பரில் அந்த வரியே இல்லாமல் போனது. முத்திரை வரியையும் வாகன வருமான அனுமதிப்பத்திரக் காசையும் வைத்துக்கொண்டு எந்தக் காலில் நிற்பது?

இதையெல்லாம் கேட்க வேண்டியது மாகாண சபை. கிழக்கில் 37 ஆசனம் கொண்ட அந்தச் சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது, 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு காலம் முடிந்தது, அதோடு சரி. இப்போது ஆளுநர் பார்க்கிறார். எந்த ஆளுநர் வந்தாலும் அவரை நியமிக்கிறவர் ஜனாதிபதி. தன்னை நியமித்தவரிடமே போய் மாகாணத்துக்காக மல்லுக்கு நிற்கச் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஓரளவுக்கு மேல் முடியாது. 2025 மே மாதத் தேர்தலோடு உள்ளூராட்சி சபைகளாவது வந்திருக்கின்றன. அவற்றின் அதிகாரம் வடிகானும் தெருவிளக்கும் குப்பையும்தான், ஆனாலும் எங்கள் வாக்கில் வந்து எங்கள் ஊரிலேயே இருக்கிறவர்கள் இப்போதைக்கு அவர்கள்தான்.

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் ஏறிப்போன உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காரைதீவு அம்பாறை வீதி அது, மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. கல்லோயாத் திட்டத்தின் பெரிய நீர்ப்பாசனமும் மத்திய அரசின் கையில். முதலில் தண்ணீருக்குள் இறங்கித் தேடினவர்கள் பக்கத்து ஊர்ச் சனங்கள். வருடா வருடம் அந்த இடத்தில் வெள்ளம் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்வது காரைதீவுக்கும் தெரியும், சம்மாந்துறைக்கும் தெரியும், நிந்தவூருக்கும் தெரியும். இந்த மூன்று பிரதேச சபைகளும் ஒரே மேசையில் இருந்து ஒரே கடிதத்தில், இந்த வீதியை இந்த இடத்தில் உயர்த்துங்கள், தண்ணீர் போகப் போதுமான பாலம் போடுங்கள் என்று வருடா வருடம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டாமா?

எங்கள் வியாதி இங்கேதான். தமிழர் ஒரு மகஜர், முஸ்லிம்கள் ஒரு மகஜர், சிங்களப் பக்கம் இன்னொன்று. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துகிற விவகாரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கமும் கொழும்புக்கு நடந்த நடையை எல்லோரும் கண்டோம். அதற்குள் நான் போகவில்லை, அதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு, அது வேறு கடிதம். ஆனால் வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் தனித்தனி மகஜர் எதற்கு? வெள்ளம் கடலுக்கு வடிய ஆற்றுவாய் வெட்டுகிற விடயத்தில் வயல்காரருக்கும் வாவியில் தொழில் செய்கிறவருக்கும் ஒவ்வொரு மாரியிலும் வருகிற இழுபறியை இங்கேயே பேசித் தீர்க்காமல் கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போனால், இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கும் அது வசதி.

கனடாவில் எங்கள் சனம் நிறைய இருக்கிற பிரம்ப்டன், மிசிசாகா எல்லாம் பீல் பிராந்திய சபைக்குள் வருகிறவை. அந்தச் சபை தனக்கு மேலே உள்ள ஒன்ராறியோ மாகாண அரசிடமும் மத்திய அரசிடமும் தான் எதிர்பார்ப்பவை இவை என்று வீட்டுவசதி போன்ற விடயங்களைப் பட்டியலிட்டு எல்லோரும் பார்க்க வெளியிடுகிறது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றில்லை. ஆனால் கேட்டது என்ன என்று சனத்துக்குத் தெரியும், பிறகு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அதை வைத்துக் கேள்வி கேட்கலாம். எங்களுக்கோ பாராளுமன்ற உறுப்பினர் கொழும்பில் என்ன கேட்டார் என்பது அவருடைய முகநூலைப் பார்த்தால்தான் தெரியும், அதிலும் அமைச்சரோடு நிற்கிற படம்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்களும் புதிதாக ஒன்று கட்டித் தரச் சொல்லித்தான் கேட்கிறோம், இருப்பதைப் பராமரிக்கக் காசு கேட்பதில்லை. ஒரு பாடசாலையைத் தேசிய பாடசாலையாக்கு என்று ஊர்வலம் போகிறோம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாத மாகாணப் பாடசாலைகளைப் பற்றி அந்த ஊர்வலத்தில் ஒரு பதாகையும் இருப்பதில்லை. குருமண்வெளி மண்டூர்ப் பாலம் வேண்டும்தான், ஓடத்தில் ஏறி இறங்கினவர்களுக்கு அதன் அருமை தெரியும், ஆனால் பாலம் வரும் வரைக்கும் ஓடத்துறையை ஒழுங்காக வைத்திருக்க வருடா வருடம் ஒரு ஒதுக்கீடு கேட்டால் என்ன? யானை வேலியும் அப்படித்தான். போடும்போது படம் எடுக்கிறார்கள், மூன்றாம் வருடம் கம்பியில் கொடி படர்ந்து மின்சாரம் ஓடாமல் கிடக்கிறது.

உங்கள் பத்திரிகையிடம் எனக்கு ஒரு கோரிக்கை. பாதீடு வருவதற்கு முதல், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஒவ்வொரு மேயரிடமும் தவிசாளரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மத்திய அரசிடம் உங்கள் சபை கேட்கிற மூன்று விடயங்கள் எவை, எந்த ஒழுங்கில்? பதில்களை ஒரே பக்கத்தில் போடுங்கள். பதில் சொல்லாத சபைக்குரிய இடத்தை வெறுமையாகவே விடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.