நாக்கோரத்துப் புண்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம்.

வாய்ப்புண் மாற்றி மாற்றி வருகிறது, பந்தியில் ரசம்கூட விட்டுக்கொள்ள முடியவில்லை என்று எழுதியிருந்தாய். உதட்டின் உட்புறம் வெளிர்மஞ்சளாக, சுற்றிலும் சிவந்து, மிளகளவு வருகிறதே, அவற்றுக்காகக் கவலைப்படாதே. 1, 2 வாரத்தில் தானாக ஆறிவிடும். யாருக்கும் தொற்றாது, பேத்தியைத் தாராளமாகக் கொஞ்சு. தங்கச்சி வைத்துத் தரும் மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் எல்லாம் காரமில்லாமல் இதமாக இறங்கும். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளி.

மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடுவதோடு விட்டுவிடாதே. என் வீட்டில் அவளுக்கு வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்து, அதைச் சரிசெய்த பிறகு அபூர்வமாகிவிட்டது. நீ சுத்த சைவம், பி12-உம் பார்த்துவிடு.

என்னை உறங்கவிடாதது நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான்: நாக்கின் இடது ஓரத்தில் ஒன்று மட்டும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது, வலியில்லை. வலியில்லை என்பதால்தான் பயப்படுகிறேன் முருகேசா. சாதாரணப் புண் என்றால் வலிக்கும், ஆறும். ஒரே இடத்தில் 3 வாரத்துக்கு மேல் நிற்பதை டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். உடைந்த கடைவாய்ப்பல் உரசுவதாகவும் இருக்கலாம். பல்லை ராவிவிட்டால் ஆறிப்போகும். ஆனால் நீ வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவன். புகையிலையை விட்டு வெறும் பாக்கு போட்டாலே புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் இறுகிப்போனாலும் காரம் தாங்காது. மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார். நுழையாவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல். இன்றே வெற்றிலைப் பெட்டியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடு.

அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி, முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று இருந்ததே, அது உனக்குக் கூப்பிடு தூரம். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். அதற்குப் பயந்து தள்ளிப்போடாதே. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த வழி நிறைய இருக்கிறது.

ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறேன். திங்கள் காலை சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
சண்முகம்